ஐந்தாவது வீடு

வீட்டுக்காரர் விரல் நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு காலண்டர் தாளைப் புரட்டினார்.

ஜூன் போய் ஜூலை வந்தது.

தாளின் மூலையில் எச்சில் ஈரம் வட்டமாக நின்றது. அது காய்வதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு. முதல் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இரண்டாவதில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, அதைத்தான் அறை என்றார்கள். மூன்றாவதில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாக்கடை வாயை மூடிக்கொண்டு யார் யாருடையதோ முடி. நான்காவதில் ஊரைக் கேட்டார்கள், தெருவைக் கேட்டார்கள், பிறகு இடம் இல்லை என்றார்கள்.

கல்லூரி விடுதி நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு. ஆறரைக்குக் கோவில்பட்டி பஸ். இங்கேயும் அமையவில்லை என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக அப்பா தெருமுனையில் வைத்தே சொல்லியிருந்தார்.

போனால் திரும்பி வருவது இல்லை. அதை அவர் சொல்லவில்லை.

காலண்டர் ஹாலில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கியது. தேதிக் கட்டங்களுக்குள் சிவப்பு மையில் சின்னச் சின்ன எழுத்துகள். சு. ஜெ. பா. முதலில் கேஸ் சிலிண்டர் வந்த நாளாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

ஜூலையிலும் எழுத்துகள் இருந்தன. இன்னும் வராத நாட்களில்.

வீட்டுக்கார அம்மாள் ரேணுகா சிரித்துக்கொண்டே விளக்கினாள். வீட்டில் சாமி இருக்கிறது. அந்த மூன்று நாள், தங்கியிருக்கும் பிள்ளைகள் ஹாலுக்கு வரக்கூடாது. சமையலறைப் பக்கம் வரக்கூடாது. தட்டு அறை வாசலுக்கே வந்துவிடும். தேதி முன்னாலேயே தெரிந்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

"சார்தான் எழுதுவாரு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து வேற என்ன வேலை? பொண்ணுங்களே மறந்துட்டாலும் இவரு கரெக்டா ஞாபகப்படுத்திடுவாரு."

ரேணுகாவின் கணவர் தணிகாசலம் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நடையின் கோடியில் ஒரு கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் தரையில் ஒரு தட்டு. தயிர்சாதம் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. விளிம்பில் எறும்புகள். உள்ளே யாரோ இருமினார்கள்.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியின் நுனி கடித்துக் கடித்து வெளுத்துப் போயிருந்தது.

"உனக்கு எத்தனாம் தேதிம்மா?"

ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பவர் கேட்பதைப் போலக் கேட்டார்.

இந்த மனிதர் தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, இந்தக் காலண்டர் முன்னால் வந்து நிற்பார். விரலை நனைத்துக்கொள்வார். ஒரு பெண்ணின் பெயரில் ஆரம்பித்து, கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டு போவார்.

அந்த விரல் தன் மேல் ஊர்வதைப் போல இருந்தது. முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்துவிடுவார் என்று காத்திருந்தாள்.

எழுந்தால் போதும். அவர் ஒன்றும் பேசக்கூட வேண்டாம். அந்த பஸ், அந்த ஊர், இனி வகுப்பே இல்லாத திங்கட்கிழமைகள், எல்லாவற்றுக்கும் அந்த நிமிடம் அவள் தயாராக இருந்தாள்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

"பதினாலு சார்" என்றார் அப்பா. "முன்னப்பின்ன ஆகாது."

சரியான தேதி.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அம்மா ஒரு பாயையும் டம்ளரையும் பின்னறையில் கொண்டுபோய் வைப்பாள், அவ்வளவுதான். அப்பா எப்போதும்போல முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது என்று ஏழு வருடமாக நினைத்திருந்தாள். தெரியாமல் இருப்பது அவருடைய பிரியம் என்றும்கூட நினைத்திருந்தாள்.

அம்மா சொல்லியிருக்கமாட்டாள்.

பேப்பரை விரித்துப் பிடித்தபடி அவரும் எண்ணியிருக்கிறார்.

தணிகாசலம் பதினாலில் அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். பதினைந்தில் எழுதினார். பதினாறில் எழுதினார். அழகான கையெழுத்து. மை காய ஊதிவிட்டுத் திரும்பினார்.

"சரிதானே?"

அப்பாவிடம்தான் கேட்டார்.

அப்பா தலையசைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

ரேணுகா அறையைக் காட்டினாள். மூன்று கட்டில்கள். நடுவில் இருந்தது அவளுக்கு. உறையில்லாத தலையணை, அதில் முன்பு இருந்தவளின் எண்ணெய்க் கறை. ரேணுகா அதைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கமும் இருந்தது.

வெயில் காட்டினால் போய்விடும் என்று சொல்லிவிட்டு, சாவி எடுத்துவரப் போனாள்.

அப்பா வாசலுக்குப் போய் அவளுடைய பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்கப்பா" என்றாள்.

அன்று ஜூன் இருபத்தெட்டு.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு, சுவரோரமாகப் பின்னால் நகர்ந்து நின்றார்.

எவ்வளவு தூரம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.