முழங்காலுக்கு ஒரு தலையணை

வெள்ளைத் துணியை அம்மாவின் முகமும் மறைய இழுத்து மூடினாள் இனோகா. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாய் உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்து, துணிக்கடியில் கைவிட்டு, அம்மாவின் முழங்கால்களுக்குக் கீழே செருகினாள். மல்லாந்து படுத்தால் அம்மாவுக்கு வலி முதுகைப் பிளக்கும்.

"இப்பவும் தலையணையா புள்ள?" என்றாள் சின்னம்மா பியசீலி. அவள் விடிந்ததிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே எல்லோரையும் வேலை ஏவிக்கொண்டும் இருந்தாள்.

அறை நடுவில் பாயில் அம்மா. எதிரே, வெள்ளை விரித்த கதிரைகளில் விகாரையின் பெரிய பிக்குவும் இன்னும் இரண்டு பேரும். அயலவர்கள் வெள்ளை உடுத்துக் கைகூப்பித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிய கைக்குப் பின்னால் வாய் சும்மா இருக்குமா?

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாரு. கல்லு," என்றாள் முத்துமெனிக்கே.

"அஞ்சு மாசமா பீ மூத்திரம் அள்ளுனது அந்தக் கல்லுதான். நீ ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இரண்டுமே இனோகாவின் காதில் விழுந்தன. முதல் பேச்சு சுடவில்லை, இரண்டாவது குளிரவும் இல்லை. எல்லாம் அம்மா கேட்டபடிதான் நடந்தது: சாமிமார், வெள்ளைத் துணி, தானம். கேட்டதைச் செய்தாள்; ஏன் எதற்கு என்று யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் அவள் எதையுமே யோசிப்பதில்லை.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. பத்து மணிக்கு வலி மருந்து. எழுந்து அலமாரிப் பக்கம் போனவளைச் சின்னம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "என்ன புள்ள நீ? சாமி ஓதப் போறாரு."

பிக்குமார் ஓதத் தொடங்கினார்கள். இனோகாவும் சின்னம்மாவும் சேர்ந்து கூஜாவைப் பிடித்து, புண்ணியம் போய்ச் சேரட்டும் என்று கோப்பையில் நீர் வார்த்தார்கள். கோப்பை நிறைந்து தட்டில் வழிவதை இனோகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் நெஞ்சில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, ஒரு பொய்.

ஐந்து மாதத்துக்கு முன் குருநாகல் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது, இனி வெட்டி எடுக்க வழியில்லை என்றார். வெளியே வந்தபோது அம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்று கேட்டாள்.

"கேஸ்ட்ரைட்டிஸ்தானாம்மா."

"அப்பாடா," என்று அம்மா பாதிப் பழத்தை மகளுக்கு நீட்டினாள்.

அதன்பின் அந்தப் பொய்யைக் காக்க மாதம் ஒரு பொய். கண் மஞ்சளானால் உடம்புச் சூடு. எலும்பு தெரிந்தால் பத்தியம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த நோயைத் தவிர வேறெதிலும் அம்மாவிடம் அவள் பொய் சொன்னதில்லை.

ஓதல் நின்றது. "மகள் வந்து வணங்கலாம்," என்றார் பெரிய பிக்கு.

சின்னம்மா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். பொய் அவளுக்கும் தெரியும். "போ, கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. மனசுல கெடக்குறத இப்பவாவது கொட்டு. இதுக்கு மேல எப்ப சொல்லப் போற?"

இனோகா மண்டியிட்டாள். துணிக்கு வெளியே மஞ்சள் பூத்த பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் நெற்றியை வைத்தாள். கடைக் கணக்கு ஒப்புவிப்பவளைப் போல ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. உங்களுக்கு வந்தது கேஸ்ட்ரைட்டிஸ் இல்ல. கேன்சர். மொத நாளே டாக்டர் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

முத்துமெனிக்கேகூட வாயை மூடிக்கொண்டாள்.

வாய் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி லேசாக உப்பியது.

"தெரியும் மகள்."

பெரிய பிக்கு முகத்துக்கு முன் பிடித்திருந்த விசிறியைத் தாழ்த்தினார். "பேசக் கூடாது உபாசகம்மா, இன்னும் முடியல. செத்தவங்களுக்குச் செய்யறத உசிரோட இருக்குறப்பவே எனக்குச் செஞ்சிருங்க சாமின்னு நீதானே சொல்லி அனுப்புன? வயித்துப் புண்ணுக்குப் போய் யாரு இதக் கேப்பான்னு நானும் அன்னைக்கே யோசிச்சேன்."

இனோகாவின் தோள்கள் குலுங்கின. பாதங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். ஐந்து மாதத்து அழுகை. சின்னம்மாவின் அழுகையே அதில் அமுங்கிப் போயிற்று.

துணிக்குள்ளிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"என் மூஞ்சியப் பாத்தா அவ சொல்ல மாட்டா சாமி. அதான் மூடிக்கிட்டேன்."