திருப்பி அனுப்பிய திருத்தம்

"ஆறு வருசமா ஒருத்தரோடை தொடர்பு வைச்சிருக்கிறாய், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்றாள் யோகராணி. கையில் இருந்த தேநீரைக் குடிக்கவும் மறந்துபோனாள்.

"மே நோன், அப்பிடியில்லை அம்மா. எழுதுறம், அவ்வளவுதான்," என்றாள் மகள் துஷாந்தி.

"ஆர் அந்தாள்? எந்த ஊர்?"

"தெரியாது. முகத்தையும் பாத்ததில்லை."

பாரிசின் லா சப்பல் பகுதியில் உணவகம் ஒன்றின் மூலை மேசையில் தாயும் மகளும் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருந்தார்கள். இந்த நேரம் பார்த்தா துஷாந்தியின் கைபேசியில் பிரெஞ்சில் அந்தச் செய்தி வந்து விழவேண்டும்? 'இன்று வீட்டில் ஒரு நல்ல காரியம். கோபம் இல்லை. நாளை எழுதுகிறேன்.' அது தாயின் கண்ணிலும் பட்டுவிட்டது.

துஷாந்தி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கணினி வலையில் தகவல்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் ஓடுகின்றன. அவற்றை வழியில் பிடித்துப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை அவள் பராமரிக்கிறாள். 'எப்புயிசெத்' என்று பிரெஞ்சுப் பெயர், மீன் அள்ளும் நம்முடைய அத்தாங்குதான். அதன் நிரலை யாரும் இலவசமாக எடுக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். எந்தத் திருத்தத்தை ஏற்பது என்பது மட்டும் அவள் பொறுப்பு.

லினக்ஸில் மட்டும் ஓடிய கருவியை விண்டோஸிலும் ஓடவைக்கத் தனியாளாக மினக்கெடுகிறவர் 'லின்ய்-டே' என்ற புனைபெயர்க்காரர். அது கார் து நோர் நிலையம் வழியாகச் சார்செல் பக்கம் போகும் றெயின் தடத்தின் பெயர். றெயினில் இருந்துதான் வேலை செய்வார். 'கார் து நோர் வந்துவிட்டது, மிச்சம் பின்னேரம்' என்று பாதியில் விட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

கெட்டிக்காரர், ஆனால் அவளைப் போலவே பிடிவாதம். மடிகணினி தூங்கி எழும்பினால் கருவி எதையும் பிடிக்காமல் சும்மா நிற்கிறது. அதற்கு அவர் அனுப்பிய திருத்தத்தை மூன்று முறை திருப்பிவிட்டாள். மனம் வெறுத்து அவர் விலகிவிட்டால் விண்டோஸ் பக்கம் அதோடு சரி. அந்தப் பயம் வேறு.

"கலியாணத்துக்குப் பிறகு உதெல்லாம் விடவேணும்," என்றாள் யோகராணி. "இப்ப அந்தச் சனத்துக்கு முன்னாலை வாய் திறவாதை."

சார்செல்லில் இருந்து மாப்பிள்ளை கரிகாலனும் தாய் தவமலரும் வந்து சேர்ந்தார்கள். அவன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், தாய்க்குப் பாரிசில் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை என்று யோகராணி முதலே சொல்லியிருந்தாள். தவமலர் சேலைக்குப் பொருந்தாத பெரிய கைப்பையைக் கதிரையில் மாட்டிவிட்டு, தட்டில் இருந்த கறி றோல் ஒன்றை எடுத்தார்.

சார்செல். வீட்டில் ஒரு நல்ல காரியம். இவன்தானோ லின்ய்-டே என்று துஷாந்திக்குச் சந்தேகம் தட்டியது. தலையை நிமிர்த்திக் கரிகாலனை வடிவாகப் பார்த்தாள்.

"நீங்கள் வேலைக்கு றெயினிலையோ போறனீங்கள்?"

"எனக்கென்னத்துக்கு றெயின்? வீட்டுக்குக் கீழைதான் கடை. இழுபடுறது அம்மாதான்," என்று சிரித்தான் அவன். "லீவு நாளிலை நீங்கள் என்ன செய்வீங்கள்?"

யோகராணி மேசைக்குக் கீழே மகளின் காலை மிதித்தாள். பலன் இல்லை. கருவி, விண்டோஸ், திருத்தம் என்று துஷாந்தி எல்லாவற்றையும் கொட்டினாள். "நல்ல மனுசர்தான். ஆனா சொன்னாக் கேக்கமாட்டார்."

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டார் தவமலர். பாதி கடித்த றோல் தட்டுக்குத் திரும்பியிருந்தது.

"எழும்பேக்கை விண்டோஸ் வலை அட்டையின்ரை பேரை மாத்திப்போடுது, அதை நீங்கள் யோசிக்கேல்லை எண்டு எழுதினனான், அன்ரி."

"யோசிச்சிருக்கு. ரெண்டாவது கோப்பிலை கிடக்கு. நீர் முதலாவதை மட்டும் பாத்திட்டுத் திருப்பிறீர்."

கரிகாலன் தாயைப் பார்த்தான். யோகராணி மகளைப் பார்த்தாள்.

"நீங்களோ அன்ரி?"

"ஓம். நான் உம்மை ஆரோ வயசுபோன வெள்ளைக்காரன் எண்டெல்லோ நினைச்சு ஏசிக்கொண்டு திரிஞ்சனான்."

பெரிய கைப்பைக்குள் இருந்து மடிகணினி வெளியே வந்தது. துஷாந்தி கதிரையை இழுத்துக்கொண்டு தவமலரின் பக்கத்தில் போய் இருந்தாள். இரண்டாவது கோப்பை வரி வரியாகப் படித்தாள். தவமலர் கணினியை மூடித் தூங்கவைத்து மறுபடி திறந்தார். திரையில் பொட்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

"பிழை என்னிலைதான்," என்றாள் துஷாந்தி. அங்கேயே கைபேசியை எடுத்துத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். பிறகு அடுத்த பதிப்பைப் பற்றி இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

கரிகாலன் யோகராணிக்குப் புதிதாகத் தேநீர் எடுத்துக் கொடுத்தான். "வீட்டிலையும் உப்பிடித்தான், அன்ரி. நீங்கள் குடியுங்கோ."

தேநீர் முடிந்தது, சோறும் வந்தது. அவர்கள் நிமிரவில்லை. யோகராணிக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய் மகளின் காதுக்குள் குனிந்தாள்.

"பொடியனைப் பிடிச்சிருக்கோ, இல்லையோ?"

துஷாந்தி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொடியனை இனித்தான் பாக்கவேணும் அம்மா, மாமியாரைப் பிடிச்சிருக்கு."