ஒன்பதாம் வகுப்பு 'பி' நீதிமன்றம்

தேங்கிக் கிடந்த வழக்குகளையெல்லாம் பள்ளிக்கூட மாதிரி நீதிமன்றங்களுக்கு அரசு தள்ளிவிட்டதில், வேதநாயகத்தின் சாக்கடை வழக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வந்து சேர்ந்தது. நீதிபதி இனியன் படு கெட்டிக்காரன். பக்கத்து வீட்டுக்காரரைக் குடைந்தெடுத்துவிட்டான். தீர்ப்புதான் பாக்கி.

அதற்குள் முழு ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது.

"நான் பாஸாயிட்டேன் அங்கிள்!" என்று சாக்லேட் நீட்டினான் நீதிபதி.

"அப்ப என் கேஸு?"

"நான் டென்த் போறேன்ல? புது ஜட்ஜ் முதல்லேர்ந்து விசாரிப்பாங்க."

ஜூனில் புது நீதிபதியாக மகிழ்மதி வந்து உட்கார்ந்தாள். வேதநாயகம் கைகூப்பினார்.

"கனம் கோர்ட்டார் கணக்குல எப்படிம்மா?"

"ரொம்ப வீக் அங்கிள். இந்த வருஷம் ஃபெயிலுதான்னு மிஸ் திட்டுறாங்க."

வேதநாயகத்துக்கு நீதித்துறையின் மேல் மறுபடியும் நம்பிக்கை பிறந்தது.