ரோதை முனி முன்னிலையில்

சத்தியம் செய்யவேண்டிய கல்லின் மேல் யாரோ ஈரச் சாக்கைக் காயப் போட்டிருந்தார்கள்.

கங்காணி சின்னராசா அதை எடுத்து உதறி ஓரமாகப் போட்டார். ஆரம்பிக்கலாமே என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேயிலை ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. அதன் பக்கச் சுவரை ஒட்டி ரோதை நின்றது. உள்ளே இருக்கும் இயந்திரங்களையெல்லாம் ஓட்டுகிற பெரிய தண்ணீர்ச் சக்கரம் அது. வாய்க்கால் பலகையை இறக்கித் தாழ் போட்டிருந்தார்கள். பனிமூட்டம் அதன் பாதியை மறைத்திருந்தது.

நான் இராயப்பன், பதுளைக் கோர்ட்டில் குமாஸ்தா. மாதா கோயில் காலைப் பூசையைத் தவறவிட்டு மாட்டு வண்டியில் இடுப்பு நோக வந்து சேர்ந்திருந்தேன்.

வழக்கு இதுதான். கங்காணியின் ஆட்களில் ஒருத்தி இராக்கம்மா. கொழுந்து பறிக்கிறவள். தன் எட்டு மாதக் குழந்தைக்கு அப்பன் கங்காணிதான் என்றாள். அவர் இல்லவே இல்லை என்றார். ரோதைக்குக் காவல்சாமியான ரோதை முனி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், செய்தால் நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன் என்று அவள் கோர்ட்டிலேயே சொல்லிவிட்டாள்.

எங்கள் நீதவான் வெள்ளைக்காரர். முனியை அவர் நம்பவில்லை. ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால் அவரவர் சாமி முன்னால் சத்தியம் வாங்கலாம் என்று சட்டம் இருந்தது. சட்டத்தை அவர் மிகவும் நம்பினார். பார்த்து எழுதி வரும்படி வேதக்காரனான என்னை அனுப்பிவிட்டார்.

கங்காணி சத்தியம் செய்தால் வழக்கு அத்தோடு முடிந்தது. குழந்தையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் கடைசிவரை காலியாகவே இருக்கும். தொழிலாளர் லயத்தில் அவள் குடியிருக்கும் காம்பராவையும் கங்காணி பிடுங்கிக்கொள்வார். அதை அவர் யாரிடமும் மறைக்கவுமில்லை.

அவர் சூடத்தைக் கல்லின் மேல் வைத்தபோதுதான் இராக்கம்மா குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, இங்க சாமி இல்லைங்க. போன ஆடியில தோட்டத்துத் தொரை முனியை எடம் மாத்தச் சொல்லிட்டாரு. பூசை போட்டு, செம்புத் தண்ணியில எறக்கி, மேமலைக்கு அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இது வெறுங்கல்லுங்க."

கங்காணி கல்லைப் பார்த்தபடி நின்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடத்தின் பெயரைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

நான் கட்டளைத் தாளைப் பிரித்தேன். 'ஸ்டோர் ரோதையின் அருகிலுள்ள கல்' என்று தெளிவாக இருந்தது. இடத்தை மாற்றவேண்டுமென்றால் இன்னொரு தவணை, இன்னொரு ஞாயிறு, இன்னொரு வண்டி. மழை வேறு வரும்போல இருந்தது.

தாளில் உள்ளபடிதான் நடக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

கங்காணி சூடத்தைக் கொளுத்திவிட்டு ஒரு கையால் ரோதையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டார். இந்தப் பிள்ளை என் பிள்ளை இல்லை என்று மூன்று முறை சொன்னார். மறு கையால் எரியும் சூடத்தை அடித்து அணைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. லயத்துப் பக்கம் ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான்.

அவர் உள்ளங்கைக் கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். இராக்கம்மா அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினேன். 'ரோதை முனி முன்னிலையில் சத்தியம் செய்யப்பட்டது. மேற்கண்டது உண்மை.' கீழே கையெழுத்துப் போட்டேன். அரசாங்க முத்திரையை எடுத்து அழுத்தினேன்.

அழுத்திய கையை நான் இன்னும் எடுக்கக்கூட இல்லை. ரோதை சுற்றியது.

ஒரே ஒரு சுற்று. மெதுவாக, மரம் முனகுகிற சத்தத்தோடு. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பலகையின் தாழ் போட்டபடியே இருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் அது பழைய இடத்திலேயே வந்து நின்றது.

கங்காணி கல்லின் முன்னால் குப்புற விழுந்து கிடந்தார்.

"எம் புள்ளதாங்க! எழுதிக்கிருங்க ஐயா, எம் புள்ளதான்!"

எழுதிக்கொண்டேன். மை கொட்டி இரண்டு தாள் வீணாயிற்று. குழந்தைக்குத் தகப்பன் பெயர் கிடைத்தது. பொய்ச் சத்தியத்தை முனி பிடித்துவிட்டது என்று தோட்டமெல்லாம் பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தக் கல்லுக்குச் சேவல் அறுத்தார்களாம்.

அன்று நான் வண்டியில் ஏறும்போது இராக்கம்மா பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு சத்தியம் பண்ணப்போ அது அசையலையேங்க, ஐயா."

எனக்கும் அது தெரியும். அவர் பொய் சொன்னபோது கல் வெறுங்கல்லாகத்தான் இருந்தது. இல்லாத இடத்தில் முனி இருப்பதாக அரசாங்கத்தின் பெயரால் எழுதியவன் நான். நான் முத்திரை வைத்த பிறகுதான் அது வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அந்தத் தாள் இன்னும் கோர்ட்டு அலமாரியில் இருக்கிறது. முனியைத் திரும்பிப் போகச் சொல்லி யாரும் எதுவும் எழுதவில்லை.