பிரேசிலுக்கு ஒரு மொட்டை

உலகக்கோப்பை முடிந்த மறுவாரம் மொட்டைத் தலையும் சந்தனமுமாக டீக்கடைக்குள் நுழைந்த உதயகுமாரைப் பார்த்து, பிள்ளையார்பாளையமே வாயடைத்துப்போனது.

"பிரேசில் காலிறுதியில தோத்ததுக்காடா?" என்றான் அர்ஜென்டினா ரசிகன் மணிவண்ணன்.

உதயகுமார் தலையை மட்டும் ஆட்டினான். அதில் பொய் எதுவும் இல்லை.

மணிவண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க டீம் கப்பே ஜெயிச்சுது. எங்கள்ல எவனாவது ஒரு முடியக் குடுத்தானா? நீதாம்பா ரசிகன்!"

இன்னொரு பிரேசில் ரசிகனான தினகரன் ஓடிப்போய் ஒரு மஞ்சள் துண்டு வாங்கிவந்து போர்த்தினான். பிரேசில் ரசிகர் மன்றத் தலைவர் பதவி அங்கேயே, ஒருமனதாக, அர்ஜென்டினாக்காரர்களின் ஓட்டும் சேர்ந்து கிடைத்தது. உதயகுமார் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

வீட்டுக்கு வந்துதான் மனைவி புவனேஸ்வரியிடம் வெடித்தான்.

"ஊரே என்னைத் தலையில தூக்கி வெச்சுக்கினு ஆடுது. பிரேசில் தோக்கணும்னு நீ முருகனுக்கு என் முடிய வேண்டிக்கின விஷயம் வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"பின்ன? தை மாசக் கல்யாணப் புடவை ஆர்டர் தறியில பாதியில நிக்குது. நீங்க மேட்ச் மேட்ச்னு சுத்திக்கினு இருந்தீங்க. ஆனா முருகன் காலிறுதி வரைக்கும் இழுத்துட்டாரு. மொட்டை பத்தல போல. அடுத்த உலகக்கோப்பையில மொத மேட்ச்லயே தோக்கணும்னு அலகு குத்த வேண்டிக்கப் போறேன்."

"யாருக்குடி அலகு?"

புவனேஸ்வரி தலைவரின் கன்னத்தையே அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.