ஓடாத டாக்டர் தேவை

நெடுஞ்சாலை ஓரமாக, கோதுமைக் கிடங்குக்கு எதிரே, மெர்வின் ஒரு புதுப் பலகை நட்டு வைத்திருந்தார். ஆளுயர எழுத்து.

"யார்லபின் ஊருக்கு டாக்டர் தேவை. இந்தத் தடவை ஓடாத ஆளாக."

கிளினிக்கில் பேர் பதிகிற நோலீன், காலையில் வேலைக்கு வரும்போதே அதைப் பார்த்துவிட்டாள். காரை நேரே பேக்கரிக்கு விட்டாள். ஊராட்சித் தலைவர் மெர்வின் அங்கேதான் இருந்தார். கையில் சுடச்சுட இறைச்சி அடைத்த ரொட்டி, சுற்றிலும் நாலு விவசாயிகள்.

"ஏன் மெர்வின், டாக்டர் இன்னும் திரும்பிக்கூட வரலை. அதுக்குள்ள ஊர் வாசல்ல இப்படியா எழுதி வைப்பே?"

"திரும்பி வந்தாத்தானே!" மெர்வின் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குப் பத்து வருஷக் கெடு எப்போ முடிஞ்சது? போன வெள்ளிக்கிழமை. பெர்த் பட்டணத்துக்குக் காரை எடுத்தது எப்போ? சனிக்கிழமை விடிஞ்சதும். வேற என்ன சாட்சி வேணும் உனக்கு?"

"பெட்ரோல் வெள்ளிக்கிழமையே போட்டாச்சாம்" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

சட்டம் அப்படி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர், 'இங்கே டாக்டர் பஞ்சம்' என்று சர்க்கார் குறித்து வைத்த ஊர்களில்தான் பத்து வருஷம் குப்பை கொட்ட வேண்டும். அப்புறம் பட்டணமோ கடற்கரையோ, அவர்கள் இஷ்டம். இதற்கு முன்னால் யார்லபினுக்கு வந்த மூன்று பேரும் கெடு முடிந்த வாரமே மூட்டை கட்டியவர்கள். நாலாவதாக வந்தவர்தான் நைஜீரியாக்காரரான டாக்டர் ஃபோலாகே.

நோலீனுக்கும் உள்ளூர உதைப்புதான். அவள் புருஷனுக்கு நெஞ்சு சரியில்லை. ஃபோலாகேயை விட்டால் அடுத்த டாக்டர் நூற்று நாற்பது கிலோமீட்டர். 'பெர்த்துல என்ன வேலை டாக்டர்?' என்று கேட்டதற்கு, 'ஒருத்தரைப் பார்க்கணும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மத்தியானம், உடம்பெல்லாம் செம்புழுதியோடு டாக்டரின் கார் வந்து நின்றது.

அவர் கைப்பையை இறக்கி வைப்பதற்குள் மெர்வினும் வந்துவிட்டார். பெஞ்சில் ஏழெட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். அது அவருக்குத் தோதாகப் போயிற்று.

"என்ன டாக்டரம்மா, வீடு அமைஞ்சுதா? ஜன்னலைத் திறந்தா கடல் தெரியற மாதிரி?"

"பலகையைப் பார்த்தேன் மெர்வின். கையெழுத்து அழகா இருக்கு."

"மழுப்பாதீங்க! இந்த ஊர் உங்களுக்கு என்ன குறை வச்சுது? கிறிஸ்துமஸுக்கு வாத்து, அறுவடைக்கு ஆட்டுக்கால்னு வீடு தேடி வந்து கொடுத்தோம். கெடு முடிஞ்ச மறுநாளே முதுகைக் காட்டினா என்ன அர்த்தம்?"

"நான் எங்கேயும் போகலையே. இன்னும் அஞ்சு வருஷம் இங்கேயே இருக்கிறதா போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சு."

நோலீனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

மெர்வின் விடுகிற ஆளா? "அப்போ பெர்த்துல என்ன வேலை?"

"இத்தனை ஜனத்துக்கு நான் ஒருத்தி பத்தலை. இன்னொரு டாக்டரைக் கூப்பிடத்தான் போனேன். மாசம் ரெண்டு நாள் வந்தாக்கூடப் போதும்னு கெஞ்சினேன். இந்த நாட்டுலயே படிச்சவர். அவரை எந்தச் சட்டமும் கட்டாது, எங்கே வேணும்னாலும் உட்காரலாம்."

"என்ன சொன்னான்?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "'அந்தப் புழுதியிலயும் ஈயிலயும் நான் எதுக்கு வந்து சாகணும்? அதுக்குத்தானே உங்களை மாதிரி ஆளுங்களை இறக்குமதி பண்றாங்க'ன்னார்."

பெஞ்சு கொதித்தது. "திமிரைப் பாரு!" என்றாள் கைக்குழந்தைக்காரி.

எல்லாரையும்விட மெர்வினுக்குத்தான் முகம் சிவந்தது. "எவன் அவன்? நாம விளைவிக்கிற கோதுமையைத் தின்னுட்டு நம்ம மண்ணையே புழுதிங்கிறானா? பேரைச் சொல்லுங்க டாக்டர். அதே பலகையில இன்னிக்கே அவன் பேரை எழுதி நாற அடிக்கிறேன்!"

"வேண்டாம் மெர்வின். விட்டுடுங்க."

"விட மாட்டேன். பேர் தெரியாம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!"

டாக்டர் தன் அறைக் கதவைத் திறந்தார். "உள்ளே வாங்க" என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு நோலீனும் பின்னாலேயே போனாள். டாக்டர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மகன் கேமரன்தான், மெர்வின். பெரிய கிளினிக். கடலைப் பார்த்த மாதிரி. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

மெர்வின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டரே ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"இது இந்த அறையைத் தாண்டாது" என்று நோலீனைப் பார்த்தார். நோலீன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

கதவு திறந்தபோது பெஞ்சில் ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"பேர் தெரிஞ்சுதா மெர்வின்? யாராம் அந்த மனசாட்சி கெட்டவன்?"

மெர்வின் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார். நோலீன் பக்கம் திரும்பவே இல்லை.

"படிச்சது மட்டும்தான் இங்கேயாம்" என்றார். "ஆளு யாரோ வெளிநாட்டுக்காரனாம்."