படத்தைத் தொட்டால் போதும்

"எனக்கு ஒரு ஆப் வேணும் மேடம்" என்றார் சோபா தைப்பவர், மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள்.

சட்டை முழுக்கப் பஞ்சுத் தூள். கையில் ஒரு துணிப்பை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு அவள் கம்ப்யூட்டர் மேடம். இருபது வருடமாக அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். புரியாமல் எதையாவது கேட்டு வந்து நிற்பவர்கள் அவளுக்குப் புதிதல்ல. பல் டாக்டர் வெப்சைட்டைப் பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். எதிர்க்கடைத் தையல்காரர் போனில் ஒரு சின்னப் படத்தைத் தெரியாமல் அழித்துவிட்டு, இன்டர்நெட்டே போய்விட்டது என்று ஓடி வந்தார்.

உட்காரச் சொல்லிவிட்டு வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள்.

வெப்சைட் என்பது தெருவில் இருக்கும் கடை மாதிரி. பெயரைச் சொல்லித் தேடினால் யாரும் வந்து பார்க்கலாம். ஆப் என்பது நாமே அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது மாதிரி. அப்படி எத்தனை பேர் உள்ளே விடுவார்கள்? அதிலும் சோபா. வாழ்நாளில் இரண்டு தடவை துணி மாற்றினால் அதிகம்.

அளவு எடுக்கப் போன வீட்டில் கேட்பதுபோல, அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"பேரு மறந்துட்டா?"

"பாதிப் பேர் அடிச்சாலே மீதியை அதுவே காட்டிடும்ங்க."

"பாதியும் மறந்துட்டா?"

சோபா என்று அடித்தால் போதும் என்றாள். அடிக்க வராவிட்டால்? மைக்கைத் தொட்டுப் பேசலாம். என்ன பேசுவது என்றே தெரியாவிட்டால்?

பிடித்த பிடியை விடமாட்டார் போலிருந்தது. தன் வாடிக்கையாளர்களை இந்த மனிதர் இவ்வளவு மட்டமாகவா எடைபோட்டு வைத்திருக்கிறார் என்று அவளுக்கு லேசாக எரிச்சல்கூட வந்தது.

அவர் நிதானமாகச் சொன்னார். வெப்சைட் என்றால் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். ஆப் என்றால் படத்தைத் தொட்டால் போதும். அவருக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது வருடத்தில் யாரும் அதை இத்தனை சுருக்கமாக அவளிடம் சொன்னதில்லை. 

சரி, பிடிவாதக்காரர், செய்து கொடுத்துவிடுவோம் என்று நோட்டை இழுத்துத் திறந்தாள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கேட்டாள்.

"ஒருத்தர்தான்."

பேனா நின்றது.

அவர் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ள வாகாக, சோபாத் துணியில் பட்டை தைத்திருந்தார். கழுத்தில் உறுத்தாமலிருக்க உள்ளே மெல்லிசாகப் பஞ்சு வைத்த தையல்.

அவர் மனைவியுடையது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

போன வாரம் இவர் கண் அசந்த நேரத்தில் மனைவி வீட்டைவிட்டு வெளியே போய்விட்டாராம். நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கிறார். கடைக்காரப் பெண் நல்ல மாதிரி. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் பேசுங்கம்மா என்று தன் போனையும் கையில் கொடுத்திருக்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாராம். நம்பர் வரவில்லை. வீட்டுக்காரர் பெயர் வரவில்லை. தேடிக்கொண்டு இவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது.

சொல்லி முடித்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த நூல்பிசிறை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டை மூடினாள்.

இதற்கு ஆப்பும் வேண்டாம், வெப்சைட்டும் வேண்டாம் என்றாள். படத்தைத் தொட்டால் அவருக்குப் போன் போகிற மாதிரி வைப்பது எல்லாப் போனிலும் இருக்கிற வசதிதான், இரண்டு நிமிஷ வேலை.

அவர் நம்பவில்லை. அவ்வளவு சுலபமாக முடியும் என்றால் இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்திருக்க வேண்டாமே என்பதுபோலப் பார்த்தார்.

அவள் அந்தப் போனின் முகப்பில் இருந்த எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறும் நீலத்திரை மிஞ்சியது. அவருடைய நம்பரை அதில் சேர்த்தாள்.

"உங்க போட்டோ ஒண்ணு வேணும்ங்க."

அவர் பர்ஸைப் பிரித்து, ஓரம் மடங்கிய ஒரு படத்தை நீட்டினார். முப்பது வயதுக்குள் ஒரு இளைஞன். அடர்ந்த சுருட்டை முடி, தடித்த மீசை, எதையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிய முகம்.

"இது உங்க பையனாங்க? உங்களோடதுதான் வேணும்."

"நான்தான் மேடம்" என்றார். "இப்ப இருக்கிற ஆளை அவளுக்கு அடையாளம் தெரியாது."

அவள் படத்தை மேஜைமேல் நேராக வைத்து, அந்தப் போனிலேயே போட்டோ எடுத்தாள்.  மூன்றாவது தடவைதான் தெளிவாக விழுந்தது.

நீலத்திரை நடுவில் அந்த இளைஞன் வந்து உட்கார்ந்தான்.

தொட்டுப் பார்க்கலாம் என்றாள். தொட்டு, காதில் வைத்துக்கொண்டாள். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் எழுந்து, அறையின் அந்தக் கோடிக்கு ஜன்னல் பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லும்மா. அங்கேயே இரு. இதோ வந்துட்டேன்."

 அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"குரலு கெழவன் மாதிரி கேக்குதா மேடம்?"

"இல்லைங்க" என்றாள்.